சோப்புத்தூள் போன வழி

பாய்லரக்கா என்ற பெயர், சலவைக் கடையின் பின்கட்டில் நிற்கிற பழைய பாய்லரால் வந்தது என்று எல்லோரும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். அவள் திரும்பியதும் சிரிப்பார்கள். பாய்லருக்காவது காலையில் சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவள் எழுந்திருக்கும்போதே கொதித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இளம் வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே இரும்பு உருளைகள் சுற்றுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்கிறவளிடம் கதவைச் சாத்து என்று சொல்வதற்கும் கத்த வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை அப்படியே அமைந்துவிட்டது. அந்த வேலையை விட்டதும் ஒரு கத்தலோடுதான். கறை போகாத படுக்கை விரிப்பை மடித்து அடியில் வை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவள் விரிப்பை அவர் காலடியில் போட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்புறம் வீட்டிலேயே தொழில். முதலில் கையால் துவைத்தாள். பிறகு யாரோ கழித்துப்போட்ட ஒரு மிஷின், அதன் பிறகு இன்னொன்று, கடைசியில் மூடிப்போன விடுதி ஒன்றிலிருந்து அந்தப் பாய்லர். வீட்டின் முன்னறைகள் இரண்டும் கடையாயின, குடும்பம் பின்பக்கத்துக்கு நகர்ந்துகொண்டது. அவள் எடுத்துக்கொள்வது வெள்ளைத் துணி மட்டும். முடிவெட்டும் கடைகளின் துண்டுகள், சாப்பாட்டுக் கடையின் மேசை விரிப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக ரோட்டு முனையில் இருக்கிற கிளினிக்கின் வெள்ளைக் கோட்டுகள். அந்தக் கோட்டுகள்தான் கடைக்கு முதுகெலும்பு. அவை போனால் கடையைப் பூட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

துவைத்த ஒவ்வொரு கோட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காலர் மடிப்பைப் பிரித்துப் பார்த்த பிறகே இஸ்திரிக்கு அனுப்புவாள். "வெள்ளைன்னா வெள்ளை. இதுல அரை வெள்ளை, முக்கால் வெள்ளைன்னெல்லாம் கிடையாது" என்பாள். அவள் கோபத்தைத் தாங்கிக்கொண்டு வாடிக்கைக்காரர்கள் வந்ததற்கு அந்த வெள்ளைதான் காரணம்.

கடையில் அவளுக்குத் துணை அவளுடைய சித்தி மகள். சில வருஷம் சின்னவள், புருஷனை இழந்தவள், பேச்சு குறைவு. துணிக்கு நீலம் போடுவது அவள் பொறுப்பு. விரல் நுனிகளில் நீலம் ஏறி ஏறிப் போகாமல் நின்றுவிட்டதால் தெருவில் அவளுக்கு நீலக்கை என்று பெயர். சொட்டு நீலத்தை எப்படிக் கலக்கினால் துணி பளிச்சென்று வரும், எங்கே அவசரப்பட்டால் நீலம் திட்டாக விழும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். பகலெல்லாம் இங்கே வேலை. மாலையில் எதிர்வரிசை மாடி வீட்டில் பெருக்கித் துடைக்கிற வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் அவளுக்கு மாதம் ஓடும்.

மூன்றாவது ஆள் பாய்லரக்காவின் புருஷன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறை தராத பயணியிடம்கூடச் சண்டை போடாத கண்டக்டர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். யாராவது குரலை உயர்த்தினால் போதும், பாதிப் பேச்சை மென்று விழுங்கிவிட்டு நகர்ந்துவிடுவார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். தங்கமான மனுஷர்களோடு குடித்தனம் பண்ணியவர்களைக் கேட்டால்தான் மிச்சக் கதை தெரியும்.

வீட்டில் அவர் பொறுப்பு தண்ணீர். அந்த வீட்டுக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ரோட்டுக் குழாய். ஏரித் தண்ணீர், காலையில் கொஞ்ச நேரம் வரும். சோப்பைக் காட்டினாலே நுரைக்கும். அதைத் தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு, மொட்டைமாடியில் இருக்கிற வெள்ளைத் தொட்டிக்கு ஏற்றுவார். துவைக்கிற மிஷின்களும் சமையலறைக் குழாயும் குளிக்கிற குழாயும் அந்த வெள்ளைத் தொட்டியை நம்பித்தான் இருக்கின்றன. குடிக்க மட்டும் முற்றத்துக் குழாயில் நேராகக் குடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று போர் தண்ணீர். ஆழத்தில் பாறைகளுக்கு நடுவே கிடந்து, சுண்ணாம்பையெல்லாம் கரைத்துக்கொண்டு வருகிற கடினமான தண்ணீர். கக்கூஸ் வாளியில் வெள்ளைப் பொருக்காகப் படிவது அதுதான். குடித்தால் ஆளைக் கொல்லாது, ஆனால் சோப்போடு மட்டும் சேராது. நுரைக்கு வேண்டிய சோப்பையெல்லாம் அதிலிருக்கிற சுண்ணாம்பு பிடித்துத் திரித்துவிடும். அது மாடியில் கொஞ்சம் உயரத்தில் இருக்கிற கறுப்புத் தொட்டிக்குப் போகும். கக்கூஸுக்கும் முற்றம் கழுவவும்தான் அது. வீடு கட்டியபோது பிளம்பர், அவசரத்துக்கு உதவும் என்று இரண்டு தொட்டிக்கும் நடுவே ஒரு குழாயைப் போட்டு, அதில் ஒரு வால்வையும் வைத்துவிட்டுப் போனார். அந்த வால்வில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பாய்லரக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள். மூட்டுவலி வந்த பிறகு அவள் மாடிப்படி ஏறுவதில்லை. மேலே நடப்பதெல்லாம் கண்டக்டரின் ராஜ்யம்.

தெருக்கோடியில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம் வந்தது. அவர்கள் மோட்டார் வைத்து உறிஞ்ச ஆரம்பித்ததும் ரோட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. ஒரு நாள் கோட்டுகள் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கையில், நடு அலசலில், தண்ணீர் நின்றுபோனது. அன்றைக்குப் பாய்லரக்கா தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். ஒரு தொட்டியைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாத மனுஷன் என்று ஆரம்பித்து, கண்டக்டரின் அப்பா வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதன் பிறகு தண்ணீர் நிற்கவே இல்லை. போட்ட போடு வேலை செய்திருக்கிறது என்று பாய்லரக்கா உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

சோப்புத்தூள் குறைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மாதக் கடைசி வரைக்கும் தாங்குகிற டிரம், பாதி மாதத்திலேயே அடி காட்டியது. பாய்லரக்கா டிரம்மைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நீலக்கையைப் பார்த்தாள். நீலக்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, நுரையே வர மாட்டேங்குது. ரெண்டு பங்கு தூள் போட வேண்டியிருக்கு. தண்ணி மாறின மாதிரி தெரியுது, கையில பட்டா வறவறன்னு இருக்கு."

பாய்லரக்கா உடனே புருஷனைக் கூப்பிட்டு, தண்ணீர் மாறிவிட்டதாமே என்று கேட்டாள். கண்டக்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். முகம் ஈரமாக இல்லை, இருந்தும் துடைத்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை, எப்போதும் வருகிற தண்ணீர்தான் என்றார்.

தங்கமான மனுஷன் சொல்லிவிட்டார், பேச்சு முடிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து நீலக்கை பொய் சொல்கிறவள் ஆனாள்.

அதற்கப்புறம் பாய்லரக்காவின் கோபம் தெருவில் ஏறாத படி இல்லை. சோப்பு வியாபாரியிடம் போய்ச் சுண்ணாம்பைக் கலந்து விற்கிறாயா என்று ஒரு பிடி பிடித்தாள். சமையலறையில் பயறு மணிக்கணக்காகக் கொதித்தும் வேகவில்லை. மளிகைக்காரர் போன வருஷத்துச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். தலைக்குக் குளித்தால் முடி நார் மாதிரி நின்றது, அதற்கு ஷாம்பு விற்றவன் திட்டு வாங்கினான். டம்ளர் வெளுத்தது, மிஷினின் குழாய் அடைத்தது, துண்டு விறைத்துக்கொண்டு தானாக நிற்கும் போலிருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரே விஷயம் பத்து வேஷத்தில் வந்து நின்றது. அவள் பத்து பேரைத் திட்டினாள். மாடியில் இருக்கிற தொட்டியை மட்டும் நினைக்கவில்லை. அதைத்தான் ஏற்கெனவே கேட்டாயிற்றே!

கடைசியில் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் அம்மா கோபக்காரியில்லை, அதுதான் பெரிய கஷ்டம். புதுக் கோட்டு ஒன்றை மேசையில் விரித்து, பாய்லரக்கா துவைத்த கோட்டை அதன் பக்கத்தில் வைத்தார். ஒன்று வெள்ளை. இன்னொன்று சாம்பலும் மஞ்சளும் கலந்த, பெயரில்லாத ஒரு நிறம். முதுகுப் பக்கம் நீலம் திட்டுத் திட்டாக நின்றது. காலர் அட்டை மாதிரி இருக்கிறது, டாக்டர்களுக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிடுகிறது என்றார் மேனேஜர் அம்மா. இந்த மாதம் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் வேறு இடத்தில் கொடுத்துவிடுகிறோம் என்று மெதுவாகச் சொன்னார்.

  அரை வெள்ளை கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் கையால் துவைத்த அரை வெள்ளையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள்.  அந்த அவமானத்தை யார் மேலாவது கொட்டியாக வேண்டும். வீட்டு வாசலில் நீலக்கை வேலை முடிந்து, கையில் பையோடு புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து நடந்ததைத் தெருவே பார்த்தது. பாய்லரக்கா பையைப் பிடுங்கினாள். சோப்புத்தூளைத் தினமும் வீட்டுக்குக் கடத்திக்கொண்டு, துணிக்கு வெறும் தண்ணீரைக் காட்டியிருக்கிறாய் என்றாள். பையைத் தலைகீழாகக் கொட்டினாள். ஒரு மாற்றுத் துணி, சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலித் தைலம். அவ்வளவுதான் விழுந்தது. தூள் ஒரு துளி இல்லை. அந்த இடத்தில் ஒருத்தி அதோடு நின்றிருக்கலாம். நிற்கத் தெரிந்தவர்கள் நிற்பார்கள். பாய்லரக்கா நிற்கவில்லை.

"இன்னிக்கு இல்ல. நேத்து எடுத்திருப்பே. திருடி."

எதிர் மாடி வீட்டு ஜன்னலில் அந்த வீட்டம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீலக்கை குனிந்து தன் சீப்பை எடுத்தாள், டப்பாவை எடுத்தாள், துணியை உதறி மடித்து வைத்தாள்.  மறுநாள் மாலை மாடி வீட்டுக்கு வேலைக்குப் போனபோது, இனிமேல் வர வேண்டாம் என்று கதவுச் சங்கிலியை எடுக்காமலே சொல்லிவிட்டார்கள். ஒரே வார்த்தையில் அவளுக்கு இரண்டு வேலையும் போயிற்று.

பாய்லரக்கா டிரம்மில் புதுத் தூளைக் கொட்டி, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இனித் தானே துவைத்தாள், தானே அலசினாள், தானே நீலம் போட்டாள். இடுப்பு ஒடிந்தது. ஆனால் தூள் பழைய வேகத்திலேயே இறங்கியது. பூட்டின டிரம்மில், சாவி அவள் இடுப்பில் இருக்கும்போதே, இறங்கியது. முதல் தடவை பார்த்தபோது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். வந்த பயத்தைக் கோபமாக்கி மூடிவிடப் பார்த்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வீட்டில் திட்டுவதற்குப் புதிதாக ஆள் இல்லை.

பிறகு பெரிய மிஷின் நின்றது. மெக்கானிக் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்குகிற கம்பிச் சுருளை வெளியே இழுத்தார். கம்பியே தெரியவில்லை. வெள்ளையாக, மொத்தமாக, மரக்கிளையில் சிமெண்டு பூசின மாதிரி இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டினார், தரையில் ஓடு ஓடாக உதிர்ந்தது.

"என்னம்மா, போர் தண்ணியையா விடறீங்க இதுல?"

எங்கள் மிஷினுக்குப் போவது ரோட்டுக் குழாய்த் தண்ணீர், உனக்குத் தொழில் தெரியாவிட்டால் கழற்றினதை மாட்டிவிட்டு நடையைக் கட்டு என்று பாய்லரக்கா சீறினாள். மெக்கானிக் சட்டை செய்யவில்லை. எந்தத் தண்ணீராவது இருக்கட்டும், இந்தப் பொருக்கைப் புளிப்பான எதிலாவது ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி எரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, சுருளை ஒரு வாளியில் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பாய்லரக்கா தரையில் கிடந்த ஓடு ஒன்றை எடுத்தாள். விரலால் தேய்த்தாள். கக்கூஸ் வாளியின் விளிம்பில் வருஷக்கணக்காக அவள் சுரண்டிக்கொண்டிருக்கிற அதே பொருக்கு.

அவள் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவினாள். ஒன்றில் குடத்துக் குடிதண்ணீரைப் பாதி ஊற்றினாள். இன்னொன்றில் மிஷினுக்குப் போகிற குழாயைத் திறந்து பாதி பிடித்தாள். குளிக்கிற சோப்பைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போட்டு, மூடியை இறுக்கிக் குலுக்கினாள். குடத்துத் தண்ணீர் மூடி வரை நுரைத்தது. குழாய்த் தண்ணீர் நுரைக்கவே இல்லை. கலங்கி, பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துகள்கள் மிதந்தன. இன்னும் கொஞ்சம் சோப்பைப் போட்டாள். அதுவும் திரிந்து மிதந்தது. மூன்றாவது தடவை போட்டபோதுதான் ஓரத்தில் நாலு குமிழி வந்தது. டிரம் டிரம்மாகச் சோப்புத்தூள் எங்கே போயிற்று என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய பைக்கும் போகவில்லை. அவள் கண்ணெதிரே பாட்டிலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"கையில பட்டா வறவறன்னு இருக்கு" என்று நீலக்கை சொன்னது காதில் கேட்டது. சொன்ன அன்றைக்கு ஏறாத காதில் இப்போது ஏறியது.

மூட்டைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, மொட்டைமாடிக்கு ஏறினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஏறுகிறாள். இரண்டு தொட்டியும் அப்படியே இருந்தன. நடுக்குழாயின் வால்வுப் பிடி குழாயோடு ஒரே கோட்டில் நின்றது, அப்படி நின்றால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிவப்புப் பிடி பளபளவென்றிருந்தது. தொடாமல் விட்ட பிடி அப்படி இருக்காது. குழாயில் காதை வைத்தாள். கறுப்புத் தொட்டியிலிருந்து வெள்ளைத் தொட்டிக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் பின்னாலேயே ஏறி வந்திருந்தார். படியின் மேல்முனையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கி ஓடவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. எப்போதிலிருந்து என்று கேட்டாள். அன்றைக்கு நடு அலசலில் தண்ணீர் நின்றதே, அதற்கு மறுநாளிலிருந்து என்றார். குழாயில் பாதித் தொட்டிக்குத்தான் வருகிறது, மீதியைக் கறுப்புத் தொட்டியிலிருந்து நிரப்பிவிடுகிறேன், தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தேன் என்றார். முதலில் அப்படித்தான் நினைத்தாராம். துணி மங்க ஆரம்பித்ததும் சந்தேகம் வந்ததாம்.

"சந்தேகம் வந்தப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவே."

 பாய்லரக்கா வெடித்தாள்.

"கத்துவேன். கத்தினா செத்தா போயிடுவீங்க? தண்ணி இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. நான் கத்திட்டு, கோட்டை மட்டும் எடுத்துக்கிட்டு மத்த துணியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். துணியாவது வெள்ளையா இருந்திருக்கும். ஏன், அவ வந்து தண்ணி மாறிடுச்சுன்னு சொன்னாளே, நான் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேனே, அன்னிக்கு நான் கத்தவே இல்லயே."

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவளைத் திருடின்னு நடுத்தெருவுல சொன்னேனே, அப்ப எங்க இருந்தீங்க?"

"உள்ளதான் இருந்தேன்."

கேட்டதா என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் குரல் கேட்காத இடம் அந்த வீட்டில் எது? உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு, எழுந்து வராமல் இருந்திருக்கிறார். இத்தனை வருஷமாக எல்லோரும் தங்கம் தங்கம் என்று கொண்டாடின பொறுமையின் விலையை நீலக்கை கொடுத்திருக்கிறாள். பாய்லரக்காவுக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில் இன்னொன்றும் தெரிந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. வால்வைத் திறந்தது அவர். பையைக் கொட்டியது அவர் இல்லை. காலியான பையைப் பார்த்த பிறகும் திருடி என்று சொன்ன வாய் அவருடையது இல்லை. வெட்கம் கழுத்து வரைக்கும் ஏறியது. கோபம் ஏறிப் பழகின உடம்புக்கு அது புதிதாக இருந்தது.

வால்வைப் பிடித்துத் திருகினாள். பிடி குழாய்க்குக் குறுக்கே வந்து, இனித் திரும்பாது என்கிற வரைக்கும் திருகினாள். "சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க" என்றாள்.

நீலக்கை அதே தெருவில், கடைசிக்கு முந்தின வீட்டின் பின்னறையில் குடியிருந்தாள். அவர்கள் போனபோது வாசலில் உட்கார்ந்து யாருடைய பாத்திரங்களையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருக்கிற ஒரு விடுதியின் சமையலறையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்த வேலை. விரல் நுனியில் நீலம் வெளிறிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் பாய்லரக்கா தயார் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது. மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. தெரிந்த ஒரே குரலில், அதட்டுகிற மாதிரி, தண்ணீர்தான் மாறியிருக்கிறது, நீ சொன்னதுதான் சரி, எழுந்து வா, நாளைக்குக் கோட்டு வருகிறது என்றாள்.

நீலக்கை பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. யார் மாற்றினது என்று கேட்டாள். கண்டக்டர் தொண்டையைச் செருமினார். இவர்தான் என்று பாய்லரக்கா சொன்னாள். நீலக்கை அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அவள் அவ்வளவு நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்ததே கிடையாது.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்றாள் பாய்லரக்கா. உதட்டுக்கு வெளியே வந்ததா இல்லையா என்கிற மாதிரி வந்தது.

"அன்னிக்கு இவ்வளவு மெல்லவா சொன்னே?"

நீலக்கை பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"திருடின்னு தெருவுல நின்னு சொன்னே. இல்லேன்னு வாசல்ல வந்து காதுல சொல்றே. எனக்குத் தெரியாதா நான் திருடி இல்லேன்னு? தெரிய வேண்டியவங்களுக்குச் சொல்லு."

பேசாதவள் பேசினால் இப்படித்தான், எடுத்துக்கொள்ளவும் முடியாது, தள்ளவும் முடியாது. பாய்லரக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வேலைக்குக் கூப்பிட்டால் வராமல் நிபந்தனை பேசுகிறாளே என்று வந்தது. வந்த வேகத்திலேயே அது நின்றுபோனது. நிபந்தனை நியாயமாக இருந்தது. அவளே அந்த இடத்தில் இருந்திருந்தால் பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருப்பாள்.

நீலக்கை கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். மூன்று பேரும் நடந்தார்கள். சலவைக் கடைக்கு முன்னால், பை கொட்டின அதே இடத்துக்கு வந்ததும் நீலக்கை நின்றுவிட்டாள். மாலை நேரம், வேலை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மளிகைக்காரர் கடை வாசலில் நின்றார். பாய்லரக்கா மூச்சை இழுத்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இரும்பு உருளைகளுக்கு மேலே எழுந்த அந்தக் குரலை எடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இவ என் சோப்புத்தூளை எடுக்கல. ஒரு சிட்டிகை எடுக்கல. எங்க வீட்டுத் தொட்டியில போர் தண்ணி கலந்திருந்தது, அதுதான் தூளைத் தின்னுச்சு. இவ தண்ணி மாறிடுச்சுன்னு சொன்னா, நான் கேக்கல. காலிப் பையைப் பார்த்துக்கிட்டே திருடின்னு சொன்னேன். பொய் சொன்னது நான்."

தெரு அப்படியே நின்றது. மளிகைக்காரர், அப்படியென்றால் என் பயறு என்று எதையோ கேட்க ஆரம்பித்து, அவள் பார்வையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பாய்லரக்கா புருஷனின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள். கண்டக்டர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் ஊர் பேரைக் கூவி இறக்கிவிட்ட மனுஷனுக்கு, தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லக் குரல் உடைந்தது.

"வால்வைத் திறந்தது நான்தான். கேட்டப்ப இல்லேன்னு சொன்னதும் நான்தான்."

சொல்லி முடித்ததும் அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். பாய்லரக்கா அவரைத் திட்டவில்லை.  உள்ளே வா, மிஷினைக் கழற்றிப் போட்டிருக்கிறது, நாளைக்கு வருகிற கோட்டுகளைக் குடிதண்ணீரைப் பிடித்தாவது அலசியாக வேண்டும் என்று சித்தி மகளிடம் சொன்னாள்.

நீலக்கை உள்ளே வரவில்லை. தெரு நடுவில் நின்றபடியே எதிர்வரிசையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.

"அங்க இன்னும் கேக்கல" என்றாள்.

பாய்லரக்கா அந்த ஜன்னலுக்கு நேராகப் போய் நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.